பிரெக்ஸிட் அரசியல்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் அரசியலில் என்ன ஆனது என்று கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். பவுண்டு மதிப்பு, லண்டன் வீட்டு விலை பற்றி வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன், அது என் துறையில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். "நீங்க எந்தப் பக்கம்?" என்று பலர் கேட்டிருந்தார்கள். விலகாமல் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி: சார், 52-க்கு 48 என்ற வித்தியாசத்தில் ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்றிவிடலாமா? மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று விதி எதுவும் இல்லையா?

இல்லை. 2016 ஜூன் 23 வாக்கெடுப்புக்கு எந்த வரம்பும் வைக்கவில்லை. அதற்காக 2015-ல் இயற்றிய சட்டத்தில், முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்றுகூட எழுதவில்லை. சட்டப்படி அது வெறும் கருத்தறிதல். ஆனால் விலகச் சொன்னவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர், இருக்கச் சொன்னவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். "ஆலோசனைதானே" என்று அதைத் தூக்கிப் போட எந்தப் பெரிய கட்சிக்கும் துணிச்சல் வரவில்லை.

வித்தியாசம் சிறியது என்பதைவிடக் கேள்வியில்தான் பெரிய கோளாறு இருந்தது என்பேன். சீட்டில் இருப்பதா, விலகுவதா என்று இரண்டே தெரிவு. விலகி எங்கே போவது? நார்வே மாதிரி ஒற்றைச் சந்தைக்குள் (சரக்கும் ஆட்களும் ஒரே விதிகளின் கீழ் தடையின்றிப் போய்வரும் பொதுச் சந்தை) இருந்துகொள்வதா, துருக்கி மாதிரி சுங்க ஒன்றியத்தோடு (உள்ளே சுங்கவரி இல்லை, வெளியாருக்கு ஒரே வரி) நிற்பதா, கனடா மாதிரி வெறும் வர்த்தக ஒப்பந்தமா, ஒப்பந்தமே வேண்டாமா? யாரும் கேட்கவில்லை. விலகல் பக்கம் நின்ற தலைவர்கள் இதில் ஆளுக்கொன்று சொன்னார்கள். விலகல் வென்றால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டம் போடக்கூட அன்றைய பிரதமர் டேவிட் கேமரனின் அரசு விடவில்லை. அடுத்த நாலு வருடக் கூத்து முழுக்க இந்த ஓட்டை வழியாக வந்ததுதான்.

ஜவுளி ஏற்றுமதியாளர், திருப்பூர்: கேமரனே இருக்கணும்னு சொன்னவர். அப்புறம் ஏன் வாக்கெடுப்பு வைத்தார்? மக்கள் கேட்டாங்களா?

மக்களைவிட அவர் கட்சிக்காரர்கள் கேட்டார்கள். பிரிட்டன் சேர்ந்தது 1973-ல். 1975-ல் நடந்த முதல் வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் இருக்கலாம் என்றார்கள். அதன்பின் ஐரோப்பா என்றாலே கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் அடிதடி. முன்னாள் பிரதமர்கள் தாட்சர், மேஜர் இருவரையும் அது அரித்தது. வெளியே, ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்ன நைஜல் ஃபராஜின் யூகிப் கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் அடக்க 2013 ஜனவரியில் வாக்கெடுப்பு வாக்குறுதி கொடுத்தார் கேமரன். 2015-ல் பலரும் எதிர்பாராத தனிப்பெரும்பான்மை கிடைத்தது, வாக்குறுதியிலிருந்து நழுவ வழியில்லாமல் போனது. வீட்டுச் சண்டையைத் தீர்க்க ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டியவர், தீர்ப்பு வந்த காலையே பதவி விலகலை அறிவித்தார்.

செவிலியர், லெஸ்டர்: அண்ணா, 2016-ல இந்தியப் பாஸ்போர்ட்டோடயே ஓட்டு போட்டேன்னு எங்க மாமா சொல்றார். சும்மா அடிச்சு விடறாரா?

மாமா சொல்வது உண்மைதான். பிரிட்டனில் வாழும் காமன்வெல்த் குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டு. இந்தியர், இலங்கையர், மலேசியர் எல்லாரும் போடலாம். இருபது வருடம் வரி கட்டிய போலந்துக்காரர் போட முடியாது, தன் வாழ்வே அந்த முடிவில் தொங்கினாலும். சைப்ரஸ், மால்டா நாட்டவர் மட்டும் காமன்வெல்த் என்பதால் தப்பித்தார்கள். அயர்லாந்துக்காரருக்கு எப்போதும் தனி உரிமை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்: ஜனநாயகத்தின் தாய் என்று நாங்கள் பாடம் நடத்திய நாடாளுமன்றம் அது. மூன்று வருடம் ஒரு முடிவும் எடுக்க முடியாமல் தவித்தது ஏன்?

ஐயா, கேமரனுக்குப் பின் வந்த தெரசா மே 2017 மார்ச்சில் விலகல் கடிதம் கொடுத்தார். அதிலிருந்து இரண்டு வருடக் கெடு ஓடத் தொடங்கியது. பெரும்பான்மையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஜூனில் முன்கூட்டியே தேர்தல் வைத்து, இருந்ததையும் இழந்தார். வட அயர்லாந்தின் டி.யூ.பி. கட்சி 10 எம்.பி.க்களோடு வெளியிலிருந்து ஆதரவு தந்தது. இந்தப் பத்துப் பேரை மறக்காதீர்கள், பிறகு வருவார்கள்.

மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரி 15-ல் 202-க்கு 432 என்று தோற்றது. நவீன காலத்தில் எந்த அரசும் அவையில் அப்படித் தோற்றதில்லை. "இது போதாது, முழுதாக விலகு" என்றவர்களும் "விலகவே வேண்டாம்" என்றவர்களும் சேர்ந்து எதிர்த்துப் போட்டார்கள். மார்ச்சில் இன்னும் இரண்டு முறை அதே கதி.

எனக்கு ஆறாத இடம் வேறொன்று. அரசு வேண்டாம், நாமே வழி தேடுவோம் என்று எம்.பி.க்கள் மார்ச் 27-ல் எட்டு யோசனைகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1-ல் மறுபடி முயன்றார்கள். சுங்க ஒன்றியத்தில் நீடிக்கும் யோசனை 273-க்கு 276, மூன்றே ஓட்டில் போயிற்று. இரண்டாம் வாக்கெடுப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற 'இருப்பு' எம்.பி.க்கள் சிலர் அன்று இறங்கி வந்திருந்தால் மிதமான விலகலாவது கிடைத்திருக்கும். குற்றம் விலகல்காரர்களிடம் மட்டும்தான் என்று என் பக்கத்து ஆட்கள் சொல்லும்போது இந்த எண்ணை நினைவுபடுத்துவது என் வழக்கம்.

அதே சட்ட மாணவி: போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தையே பூட்டினார், நீதிமன்றம் திறந்தது என்கிறார்களே?

பூட்டவில்லை, மே பதவி விலகியபின் பிரதமரான ஜான்சன், ஐந்து வாரம் கூட்டத்தொடரை முடித்து வைக்க ராணிக்கு ஆலோசனை சொன்னார். 2019 செப்டம்பர் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். அதே மாதத் தொடக்கத்தில் ஒப்பந்தமில்லா விலகலைத் தடுக்க வாக்களித்த 21 சொந்தக் கட்சி எம்.பி.க்களை ஜான்சன் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார். அதில் இரண்டு முன்னாள் நிதியமைச்சர்கள், சர்ச்சிலின் பேரன் ஒருவர். எழுதப்பட்ட அரசியல் சாசனம் இல்லாத நாட்டில் மரபை எல்லாரும் மதிக்கும்வரைதான் வண்டி ஓடும் என்பது அந்த மாதத்தில் தெரிந்தது. 2019 டிசம்பர் தேர்தலில் மக்கள் அவருக்கே 365 இடம் கொடுத்தார்கள். மூன்றரை வருடச் சலிப்பு அப்படி. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு பிரிட்டன் வெளியேறியது.

ஆசிரியர், யாழ்ப்பாணம்: வட அயர்லாந்துப் பிரச்சினையை ஒருக்கா விளக்கமாச் சொல்லுங்கோ. ஏன் எல்லாம் அங்க போய் முட்டுது?

நல்ல கேள்வி. இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் தரை எல்லை கிட்டத்தட்ட ஒன்றே ஒன்று, அயர்லாந்துத் தீவின் நடுவே 500 கிலோமீட்டர். தீவின் வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கிறது, மீதி ஒன்றியத்தில் உள்ள தனி நாடான அயர்லாந்து. முப்பது வருட வன்முறையில் 3,500 பேர் செத்த இடம். 1998-ல் அந்த வன்முறையை முடித்து வைத்த புனித வெள்ளி சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த எல்லையில் இராணுவச் சாவடி இல்லை. இரு பக்கமும் ஒரே ஒற்றைச் சந்தைக்குள் இருந்ததால் சுங்கச் சாவடியும் இல்லை. எல்லை எங்கே என்பது காரில் போகும்போது பலகையின் மைல், கிலோமீட்டர் மாற்றத்தில்தான் தெரியும்.

பிரிட்டன் ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியேறினால் எங்காவது சரக்கைச் சோதித்தாக வேண்டும். தீவின் நடுவே சோதித்தால் சமாதானத்துக்கு ஆபத்து. பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே கடலில் சோதித்தால், "எங்களை வெளிநாடாக்கிவிட்டார்கள்" என்று பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்கள் கொதிப்பார்கள். சோதனையே வேண்டாமென்றால் முழு பிரிட்டனும் ஐரோப்பிய விதிகளுக்குள் நிற்க வேண்டும், விலகல்காரர்கள் விடமாட்டார்கள். மூன்றில் ஒன்றைப் பலி கொடுத்தே ஆக வேண்டும்.

மே கடைசி வழியை நோக்கிப் போனார், கவிழ்ந்தார். ஜான்சன் 2018-ல் டி.யூ.பி. மாநாட்டுக்கே போய், கடலில் எல்லை போடும் ஏற்பாட்டில் எந்தக் கன்சர்வேட்டிவ் அரசும் கையெழுத்திடக் கூடாது என்றார். மறு வருடம் பிரதமராகி அதிலேயே கையெழுத்திட்டார். மேயின் ஒப்பந்தத்தைத் தோற்கடிக்கத் துணைபோன அந்தப் பத்துப் பேருக்குக் கிடைத்த பலன் இது.

விளைவு? 2022 பிப்ரவரியில் டி.யூ.பி. வெளியேறி வட அயர்லாந்து அரசு முடங்கியது. அந்த மே மாதத் தேர்தலில், அயர்லாந்து ஒன்றிணைய வேண்டும் என்னும் ஷின் ஃபெயின் முதன்முறையாகத் தனிப்பெரும் கட்சியானது. 2023-ல் பிரதமர் ரிஷி சுனக் ஒன்றியத்தோடு போட்ட வின்ட்சர் ஏற்பாட்டின் மூலம் சோதனைகளைத் தளர்த்தினார். சரியாக இரண்டு வருடம் கழித்து, 2024 பிப்ரவரி 3-ல் அரசு மீண்டது. முதலமைச்சரானவர் ஷின் ஃபெயினின் மிஷெல் ஓ'நீல். யூனியனிஸ்ட்களுக்காகவே வரைந்த மாகாணத்தில் முதல் ஐரிஷ் தேசியவாத முதலமைச்சர். பிரிட்டனின் பிடியை இறுக்க விலகலை ஆதரித்த கட்சிக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

ஐ.டி. ஊழியர், எடின்பரோ: ஸ்காட்லாந்து இன்னும் பிரியலையே? பிரெக்ஸிட் வந்தா உடனே போயிடும்னாங்க.

காரணம் வலுத்தது, கதவு திறக்கவில்லை. 2014-ல் நடந்த தனிநாடு வாக்கெடுப்பில் "பிரிந்தால் ஐரோப்பாவை இழப்பீர்கள்" என்று பயமுறுத்தி 55 சதவீதத்தை நிறுத்தி வைத்தார்கள். இரண்டே வருடத்தில், ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளும் இருக்கச் சொல்லியும் ஐரோப்பாவை இழந்தார்கள். நியாயம் அவர்கள் பக்கம். ஆனால் லண்டன் சம்மதம் இல்லாமல் வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனிநாடு கேட்கும் எஸ்.என்.பி. கட்சி தன் உள்விவகாரங்களில் சிக்கி 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 48 இடத்திலிருந்து 9-க்குச் சரிந்தது. இன்னொன்றும் உண்டு: பிரிந்து ஐரோப்பாவில் சேர்ந்தால் இங்கிலாந்தோடு சுங்க எல்லை வரும். அயர்லாந்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது உறைக்கும்.

கல்லூரி மாணவர், கோவை: இதுவரை வேற யாராவது விலகியிருக்காங்களா?

முழு உறுப்பு நாடு என்றால் பிரிட்டன் மட்டும்தான். டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்து, மீன்பிடி உரிமைக்காக 1985-லேயே அப்போதைய ஐரோப்பியச் சமூகத்தை விட்டுப் போனது.

வங்கி அதிகாரி, சென்னை: ஒவ்வொரு நாடாகக் கழன்று ஒன்றியமே உடையும் என்று அப்போது எழுதினார்கள். ஏன் நடக்கவில்லை?

பிரிட்டன் பட்ட பாட்டைப் பார்த்துத்தான். பிரான்சில் மரீன் லெ பென், இத்தாலியில் சால்வினி போன்றவர்கள் வெளியேறும் பேச்சை மூட்டை கட்டிவிட்டு, உள்ளே இருந்தே மாற்றுவோம் என்று பாட்டை மாற்றினார்கள். பேச்சுவார்த்தையில் 27 நாடுகளும் பிளவுபடாமல் நின்றது லண்டனுக்கு அதிர்ச்சி. 2020-ல் கோவிட் மீட்புக்காக 75,000 கோடி யூரோ நிதியைக் கூட்டாகக் கடன் வாங்கித் திரட்டினார்கள். பிரிட்டன் உள்ளே இருந்திருந்தால் அதை எளிதில் விட்டிருக்காது. நஷ்டம் ஒன்றியத்துக்கும் உண்டு: அணு ஆயுதமும் ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிரந்தர இடமும் உள்ள இரண்டு நாடுகளில் ஒன்று போனது.

குடும்பத் தலைவி, மதுரை: பத்து வருஷத்துல எத்தனை பிரதமர்! யாருக்குத்தான் லாபம்?

கேமரன் விலகிய பின் மே, ஜான்சன், ட்ரஸ், சுனக், ஸ்டார்மர். ட்ரஸ் இருந்தது 49 நாள். எல்லாரையும் பிரெக்ஸிட் கவிழ்க்கவில்லை. ஆனால் 2019-ல் திறமைக்குப் பதிலாக விலகல் விசுவாசத்தைப் பார்த்து ஆள் எடுத்த கட்சிக்கு அப்புறம் ஆள் பஞ்சம் வந்தது இயல்பு.

ஐரோப்பியர் வரவைக் குறைக்க வாக்களித்தார்கள். 2021 புதிய விசா முறையில் அவர்கள் குறைந்தார்கள், இந்தியா, நைஜீரியாவிலிருந்து மாணவர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் கூடினார்கள். 2023-ல் ஓராண்டு நிகரக் குடிவரவு 9 லட்சத்தைத் தாண்டியது. ஏமாற்றப்பட்டோம் என்று உணர்ந்தவர்கள் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்குப் போனார்கள். 2024-ல் கன்சர்வேட்டிவ் 121 இடத்தில் நின்றது, அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு. லேபர் 34 சதவீத ஓட்டில் 411 இடம் பிடித்தது. ரிஃபார்ம் 14 சதவீதம் வாங்கி 5 இடம்தான், ஆனால் 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் 10 மன்றங்களைக் கைப்பற்றியது. யாரைச் சமாளிக்க வாக்கெடுப்பு வைத்தார்களோ அவர்தான் லாபம் பார்த்தார்.

வழக்கறிஞர், சேலம்: இந்தியாவோடு பிரிட்டன் போட்ட வர்த்தக ஒப்பந்தம் பிரெக்ஸிட்டின் கணக்கில் வருமா?

வரும். உறுப்பு நாடாக இருந்தவரை தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட அதிகாரமே இல்லை. 2025 ஜூலையில் கையெழுத்தானது. விலகல்காரர்கள் காட்டக்கூடிய உருப்படியான சான்றுகளில் இது ஒன்று.

ஆய்வு மாணவர், பெங்களூரு: இப்போது பெரும்பான்மை வருந்துகிறார்கள் என்று கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. திரும்பச் சேர்ந்துவிடலாமே?

வருத்தம் வேறு, மறுபடி அந்தச் சண்டைக்குள் இறங்கும் மனசு வேறு. 2019-ல் விலகலை ரத்து செய்வோம் என்று போன லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 11 இடம், தலைவரே தன் தொகுதியில் தோற்றார். லேபர் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், தடையற்ற குடிபெயர்வு மூன்றும் கிடையாது என்று கோடு கிழித்தது. அந்தக் கோட்டுக்குள் 2025 மே மாதம் ஸ்டார்மர் ஒன்றியத்தோடு ஒரு புரிந்துணர்வுக்கு வந்தார்: உணவுப் பொருள் சோதனையைக் குறைப்பது, பதிலுக்கு ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை மீன்பிடி அனுமதி.

முழுதாகச் சேர 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். பழைய சலுகைகளும் தானாக வராது. தாட்சர் 1984-ல் வாங்கிய சந்தாத் தள்ளுபடி, யூரோ நாணயத்திலிருந்து விலக்கு, எல்லைச் சோதனையில்லாப் பயணத்துக்கான ஷெங்கன் ஏற்பாட்டிலிருந்து விலக்கு எல்லாம் போய்விட்டன. ஒன்றியமும் அடுத்த தேர்தலில் ஃபராஜ் வந்து மறுபடி வெளியேறினால் என்ன செய்வது என்று யோசிக்கும். ஆகவே அடுத்த வாக்கெடுப்பு என்று ஒன்று வந்தால், எந்த நிபந்தனைகளோடு சேர்வது என்பதை முதலில் பேசி முடித்து, அதைச் சீட்டில் எழுதிக் கேட்க வேண்டும். அப்படி ஒரு பேச்சைத் தொடங்க இந்த நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை.