இரண்டு கண்ணுக்கு இரண்டு மலை

கேள்வி: கேரள அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருக்கிறேன். வரும் மே 31-ஆம் தேதி 56 வயதில் ரிட்டயர் ஆகிறேன். என் வயதே உள்ள பெரியம்மா மகள் பொள்ளாச்சியில் அரசு வேலையில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் 4 வருடம் பாக்கி. டியூஷன் எடு, எல்.ஐ.சி. ஏஜென்ட் ஆகு, பேரனைப் பார்த்துக்கொள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குப் பாட்டோ கைவேலையோ எதுவும் தெரியாது. ஜூன் 1-ஆம் தேதி காலையை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சகோதரி, எல்லைக்கு அந்தப் பக்கம் 60, இந்தப் பக்கம் 56 என்பது மனசை அறுக்கத்தான் செய்யும். தமிழ்நாட்டில் 2020-ல் 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கினார்கள். கேரளத்தில் 2012-ல் 55-ஐ 56 ஆக்கியதோடு சரி. 2013 ஏப்ரலிலிருந்து வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குத்தான் 60. அதிலும் உங்கள் பக்கத்தில் மே 31 அன்று கூட்டம் கூட்டமாக ரிட்டயர் ஆகிறார்கள். அந்தக் காலத்தில் ஜூனில் பள்ளியில் சேர்க்கும்போது மே மாதத்தில் ஒரு தேதியைப் பிறந்தநாளாக எழுதிவிட்ட பழக்கம்தான் காரணம். உங்கள் தேதியும் அப்படி வந்ததோ என்னவோ.

என் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பாலக்காட்டு எல்லையில், மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருந்தாள். 2017-ல், இதே 56 வயதில், ரிட்டயர் ஆனாள். ஜூன் மாதம் பார்க்கப் போனேன். காலை ஏழு மணிக்கு வழக்கம்போல எவர்சில்வர் டிபன் பாக்ஸில் சோறு, பொரியல் கட்டி மூடி வைத்திருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு அதை எடுத்துத் திண்ணைக்கு வந்து திறந்து சாப்பிட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. "ஏன்டி இப்படி, டியூஷன் ஏதாவது ஆரம்பி" என்றேன். "அக்கா, மணியடிச்சா சாப்பிட்ட வயிறு. மெதுவாத்தான் மறக்கும், விடுங்க" என்றாள்.

நான் சொன்னது தவறான யோசனை. அவளுக்கு அந்தக் காலி நேரம் தேவைப்பட்டது. அந்த டிபன் பாக்ஸ் ஐந்தாறு மாதம் ஓடியது. ஒருநாள் அவளாகவே அதைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

அப்புறம்தான் படம் வரைய ஆரம்பித்தாள். வரையத் தெரிந்தவள் இல்லை. கரும்பலகையில் மாங்காய் வரைந்தால் பிள்ளைகள் "இது என்ன டீச்சர்" என்று கேட்பார்களாம். மிச்சம் கிடந்த கணக்கு நோட்டும் 12 கலர் கிரேயான் பெட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு, கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு, எதிரே தெரிகிற பனைகளையும் பின்னால் இருக்கிற ஆனைமலையையும் வரைந்தாள். மாதம் ஒரு தடவை, ஒரே இடத்திலிருந்து, ஒரே காட்சி. அங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியும்தானே? மார்கழியில் கிழக்கே இருந்து அடிக்கும்போது நோட்டு நிற்காது. துணி மாட்டும் கிளிப்பை நாலு மூலைக்கும் போட்டுக்கொள்வாள். ஆரம்பத்தில் நோட்டில் 11 பனை இருக்கும். இப்போது 7. எந்த மரம் எந்த மாதம் போனது என்று அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தின் அடியில் அன்றைய உடம்பையும் ஒரு வரி எழுதுவாள்: "இடது முழங்கால் வலி. கிணற்றடி வரை போகவில்லை." புகார் மாதிரி இருக்காது, மழைக்கணக்கு மாதிரி இருக்கும்.

2022-ல் அவளுக்குக் கண்ணில் புரை. முதலில் இடது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவள், சுவர் இவ்வளவு வெள்ளையா என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். வயதாக ஆக, கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளடித்துப்போய் நீலத்தை வடிகட்டிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தெளிந்த செயற்கை லென்ஸ் வைத்ததும் நீலம் திரும்பி வந்துவிடுகிறது. பழைய நோட்டைப் புரட்டினாள். இரண்டு வருடமாக மலைக்குத் தேயிலைத் தண்ணி நிறத்தையே பூசியிருந்தாள்!

வேறு யாராக இருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பார்கள். அவள் செய்தது என்ன தெரியுமா? வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகும் முன், நோட்டில் எதிரெதிராக இரண்டு பக்கம் எடுத்தாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மலையை ஒரு பக்கம் வரைந்தாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபக்கம். ஒன்றில் மலை நல்ல நீலம், வானம் தனி, மலை தனி. மற்றதில் எல்லாம் ஒரே சாயத்தில் முக்கியது போல. அடியில் எழுதியிருந்தாள்: "61 வயதில் எனக்கு மட்டும் இரண்டு மலை. அடுத்த மாதம் ஒன்றுதான்." நான் பார்த்த படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அன்று அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வயதாவதை இவ்வளவு ஆசையோடு கவனித்துப் பார்த்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதனால், எதுவும் தெரியாது என்ற கவலை வேண்டாம். பென்ஷன் காகிதங்களை இப்போதே சரிபார்த்து முடியுங்கள். அது பாதியில் நின்றால் நிம்மதி போய்விடும். பேரனை ஆசைப்பட்டால் பாருங்கள், ஆனால் முழுநாளையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் கொஞ்ச மாதம் சும்மா இருங்கள். ஜூன் 1 காலை டிபன் பாக்ஸைக் கட்டத் தோன்றினால் கட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74. இரண்டு கண்ணிலும் புரை. "நல்லா முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார். இரண்டு தடவை படியில் தடுக்கி விழுந்துவிட்டார். என்ன செய்வது?
— வாசகர், வேலந்தாவளம்

பதில்: முற்றட்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு. இன்றைய முறைக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. அதிகம் முற்றிவிட்டால்தான் ஆபரேஷன் சிரமமாகும். அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகிவிட்டது என்றால் அதுவே டாக்டரிடம் போக வேண்டிய நேரம். சர்க்கரை, பிரஷர் இருந்தால் அந்தச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். பொதுவாக ஒரு கண்ணை முடித்துவிட்டு, சில வாரம் கழித்துத்தான் அடுத்த கண். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே படியின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.