வடகம் தாளித்த நெடியில் சிக்கிய கொலையாளி

கேள்வி: வீட்டுக்கு நண்பர்களை அழைத்து, கொலையாளியைக் கண்டுபிடிக்கும் மர்ம விருந்து நடத்த விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு முறை நடத்தியிருக்கிறேன். முதல் முறை வாங்கியது ஓர் ஆங்கிலத் தொகுப்பு. இங்கிலாந்து மாளிகை, பிரபு, பணியாளர் என்று கதை போயிற்று. எல்லாரும் தாளைப் பார்த்து வாசித்தார்களே தவிர, ஒருவரும் ஒருவரைச் சந்தேகப்படவில்லை. எனவே கதையை உங்கள் ஊரிலிருந்தே எடுங்கள்.

இரண்டாம் முறை, 1954 அக்டோபர் 31 இரவை எடுத்துக்கொண்டேன். விடிந்தால் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரப்போகிறது. கீழூர் வாக்கெடுப்பில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவளித்துப் பதின்மூன்று நாள்தான் ஆகிறது. அந்த இரவில் வைசியாள் வீதியில் ஒரு வியாபாரி நஞ்சுண்டு இறந்து கிடக்கிறார். ஓய்வுபெற்ற சொல்தா (பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்), எல்லையில் சரக்குக் கடத்துபவர், பத்திரம் எழுதுபவர், சமையற்கார அம்மாள் என்று பாத்திரங்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாத்தா பாட்டி சொன்னதெல்லாம் தானாக வாயில் வந்தது.

இறந்தவர் வேடத்தை விருந்தினருக்குக் கொடுக்காதீர்கள்; பாவம், இரவு முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் சிவப்பு அட்டையில் தொப்பி செய்து போலீஸ்காரனாக நின்றுகொண்டேன். ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு போகட்டும்: நீ யார், எதை மறைக்கிறாய், யாரிடம் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொலையாளி மட்டும் பொய் சொல்லலாம். மற்றவர்கள் மறைக்கலாம், பொய் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் எந்தத் துப்பும் நிற்காது. முக்கியமான உண்மை மூன்று வழிகளிலாவது வெளிவர வேண்டும். ஒன்றைக் கோட்டைவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

எங்கள் கதையில் பத்திரம் எழுதுபவர், "ஏழு மணிக்குக் கூடத்தில்தான் படித்துக்கொண்டிருந்தேன், எதையும் கவனிக்கவில்லை" என்றார். அதே நேரத்தில் வடகம் தாளித்ததாகச் சமையற்கார அம்மாள் சொல்லியிருந்தார். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மனைவி மீன் குழம்புக்கு நிஜமாகவே வடகத்தை எண்ணெயில் போட்டாள். வெங்காயமும் வெந்தயமும் பொரிந்த நெடி கூடம் வரைக்கும் வந்தது. இருவர் இருமினார்கள். எழுபத்தொரு வயதுப் பெரியம்மா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டுப் பத்திரக்காரரைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்த நெடி கூடத்தில் இருந்தவருக்குத் தெரியாமலா போயிருக்கும்?"

அந்த ஒரு கணத்துக்காகவே மறுபடியும் நடத்துவேன். உங்கள் வீட்டிலும் சமையலை முன்கூட்டியே முடித்துவிடாதீர்கள்; தாளிப்பை மட்டுமாவது அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.