கென்னடிக்கு ஒரு எஸ் போதும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகளின் வளைகாப்புக்குப் பக்கத்து வீட்டு ஜோன்ஸ் குடும்பத்தையும் எதிர்வீட்டு கென்னடி குடும்பத்தையும் அழைக்கிறோம். உறையில் குடும்பப் பெயரைப் பன்மையில் எழுதச் சொன்னாள் மகள். ஜோன்ஸுக்கு அபாஸ்ட்ரபி போட்டு இன்னொரு எஸ் சேர்த்தேன். கென்னடியில் ஒய்யை எடுத்துவிட்டு ஐ-இ-எஸ் போட்டேன். இரண்டுமே தப்பு என்கிறார் மருமகன். அப்படியா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: மருமகன் சொல்வதுதான் சரி, அம்மா. ஆனால் நீங்கள் போட்ட ஐ-இ-எஸ் பள்ளியில் ஒழுங்காகப் படித்ததால் வந்தது. லேடி, பேபி போன்ற சொற்களுக்கு அந்த விதி பொருந்தும். ஆட்களின் பெயருக்குப் பொருந்தாது. பெயரில் உள்ள எழுத்து எதையும் மாற்றாமல் கடைசியில் சேர்க்க மட்டுமே செய்யலாம். அதனால் ஒய் அப்படியே இருக்க, பக்கத்தில் ஓர் எஸ்: கென்னடீஸ்.

இதற்கு நல்ல காரணம் உண்டு. பேரி என்ற குடும்பப் பெயரை ஒய்யில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், ஐ-இ-யில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒய்க்காரர்களுக்கும் ஐ-இ-எஸ் போட்டுவிட்டால் உறை எந்த வீட்டுக்கு என்று எப்படித் தெரியும்? ஓநாய் என்று பொருள்படும் உல்ஃப் கூட, குடும்பப் பெயராக வந்தால் எஃப்பை விடாமல் உல்ஃப்ஸ்தான். எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்து அரசர்களுக்கு மட்டும் ஐ-இ-எஸ் போடுவது பழைய வழக்கமாக நிலைத்துவிட்டது. அதை விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஜோன்ஸுக்கு வருவோம். எஸ், எக்ஸ், இசட், எஸ்-ஹெச், சி-ஹெச் என முடியும் பெயர்களுக்கு இ-எஸ் சேர்க்க வேண்டும். ஜோன்ஸ், ஜோன்ஸஸ் ஆகும். ஜனாதிபதிகளான அப்பா, மகன் இரண்டு புஷ்களும் புஷஸ். இங்கே காதைத்தான் நம்ப வேண்டும். இசைமேதை பாஹின் பெயர் சி-ஹெச்சில் முடிந்தாலும் அங்கே 'ச்' ஒலி இல்லை, எனவே வெறும் எஸ் போதும். அக்கம்பக்கத்தாருக்கு ஈடாக வாழத் துடிப்பதை ஆங்கிலத்தில் 'கீப்பிங் அப் வித் த ஜோன்ஸஸ்' என்பார்கள். 1913-இல் தொடங்கிய ஓர் அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரத் தொடரால் பரவிய வழக்கு அது. அதை நினைவில் வைத்தால் உங்கள் பக்கத்து வீட்டுப் பெயர் மறக்காது.

அபாஸ்ட்ரபியைப் பன்மைக்குக் கொண்டுவரவே வேண்டாம். அது 'உடைய' என்று சொல்வதற்கான குறி. அமெரிக்காவிலேயே வீட்டு வாசல் பலகைகளில் இந்தத் தப்பைப் பார்க்கலாம், எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கேட்காது. ஜோன்ஸ் குடும்பத்தாருடைய வீடு என்று எழுத வேண்டுமானால், முதலில் ஜோன்ஸஸ் என்று பன்மையாக்கி, அதன் பிறகே அபாஸ்ட்ரபி.

அப்புறம், முன்னால் 'த' போட மறக்காதீர்கள். 'த ஜோன்ஸஸ்' என்பது நாம் 'ஜோன்ஸ் வீட்டார்' என்று சொல்வதற்குச் சமம். அப்படியும் தயக்கம் இருந்தால் 'த ஜோன்ஸ் ஃபேமிலி' என்று எழுதுங்கள், அதுவும் மரியாதையானதே. மகளுக்கு என் வாழ்த்து.