ஆலோசனைப் பெட்டி, மாதாந்திரக் கூட்டம் எல்லாம் வைத்தும் எங்கள் ஆலையில் ஆட்கள் நிற்பதில்லையே, ஏன்?

ஒருவர் வாயைத் திறந்ததும் அடுத்த சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கம்பெனியை எடை போடுவது அதை வைத்துத்தான். கார் உதிரிபாக ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த துறையிலிருந்தே சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் ஆலை நடத்தியது. மட்டம் போடுபவர்கள் 20 சதவீதம். திடீர் திடீரென்று வேலைநிறுத்தம், குடித்துவிட்டு ஷிப்டுக்கு வருவது, நிர்வாகத்தின் மேலுள்ள கோபத்தைக் காரில் காட்டுவது என்று பேர் கெட்டு, 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவுடன் கூட்டு சேர்ந்து அதே இடத்தில் ‘நும்மி’ என்ற பெயரில் மறுபடி உற்பத்தி தொடங்கியது. நடத்தியது டொயோட்டா. தொழிலாளர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் அந்தப் பழைய ஆட்களே. தொழிற்சங்கமும் அதே சங்கம். மட்டம் போடுவது 3, 4 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

பழைய ஆலையில் லைனை, அதாவது கார்கள் நகர்ந்துகொண்டே உருவாகும் உற்பத்தி வரிசையை, நிறுத்தினால் வேலைக்கே உலை. குறை கண்ணில் பட்டாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் ஓரங்கட்டிப் பழுது பார்ப்பார்கள். நும்மியில் ஒவ்வொருவர் கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு கயிறு. இழுத்தால் விளக்கு எரியும், இசை ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால்தான் லைன் நிற்கும். எல்லோரும் அந்தக் கயிற்றையே வியந்து பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஓடி வரும் ஆள். அவரும் சங்க உறுப்பினர், பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். வந்ததும் கை கொடுப்பார், விசாரணை வைக்க மாட்டார்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இதே ஏற்பாடு பல ஆலைகளில் உண்டு, கயிறாகவோ பொத்தானாகவோ. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பொத்தானை அழுத்தினால் சூப்பர்வைசர் வருவார், வந்து, “இன்னிக்கு டார்கெட்ட உங்கப்பனா வந்து முடிப்பான்?” என்பார். கொஞ்ச நாளில் யாரும் அதைத் தொடுவதில்லை. மாதக் கூட்டத்தில் மனிதவள மேலாளர் “ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டால், எல்லோரும் டீயையும் சமோசாவையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘இவங்களுக்கு ஈடுபாடே இல்ல’ என்று முடிவு கட்டி, ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்தார்கள்!

இன்னொன்று, வேலை நிலைக்குமா என்ற பயம். ஒப்பந்தத் தொழிலாளி இன்று குறை சொன்னால் நாளை கேட்டிலேயே நிறுத்தப்படலாம் என்கிறபோது எந்தப் பெட்டியில் எதை எழுதிப் போடுவார்? 1988இல் நும்மி கார்களின் விற்பனை படுத்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரியாக இருந்தவர்களைப் பயிற்சியிலும் வேலைமுறையைச் சீராக்கும் குழுக்களிலும் போட்டார்கள். ‘இவங்க சொன்ன சொல்ல காப்பாத்துவாங்க’ என்ற எண்ணம் வலுத்தது அப்போதுதான் என்பது என் கணிப்பு. இப்படி எதுவும் செய்யாமல் கயிறு மட்டும் கட்டினால் போணியாகாது.

அதற்காக நும்மிக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. 1993 மாடலைக் கொண்டுவந்தபோது கைவலி, முதுகுவலி என்று பலர் அவதிப்பட்டு, மாநிலப் பாதுகாப்புத் துறை நோட்டீஸ் கொடுக்கும் வரை போனது. அங்கேயும் அவசரம் வந்தால் காது மந்தமாகியிருக்கிறது. ஆலை 2010இல் மூடப்பட்டது. இப்போது அங்கே டெஸ்லா இருக்கிறது.

உங்கள் ஆலைக்கு வருவோம். பெட்டியில் இப்போது கிடக்கும் சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பதில் எழுதி ஒட்டுங்கள். முடியாது என்றால் முடியாது, இன்ன காரணம் என்றே எழுதலாம். சீட்டே இல்லையென்றால், லைனில் கடைசியாகக் குறை சொன்னவர் யார், அவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று சூப்பர்வைசர்களிடம் விசாரியுங்கள்.