ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்கிறார், ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்: புதிய டாக்டரை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது. மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. சர்க்கரை நோய் இல்லை, சிகரெட் பழக்கமும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்தபோது 146/88 இருந்தது. இதயத்துக்கு நல்லது என்று முன்பு பார்த்த மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் 75 மி.கி. மாத்திரையைப் பல ஆண்டுகளாகத் தினமும் சாப்பிடுகிறேன். இப்போது பார்க்கும் மருத்துவர் அதை நிறுத்திவிடலாம் என்கிறார். கூடவே வலது முட்டியில் ஓராண்டாக வலி. எம்ஆர்ஐ ஸ்கேனில் ஜவ்வு கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. என் அண்ணனுக்கு 2008இல் இதே பிரச்சினைக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள். எனக்கோ உடற்பயிற்சி போதும் என்கிறார்கள். வலி அதிகமான நாட்களில் ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்கிறேன். ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருந்தால் நாங்கள் யாரை நம்புவது?

பதில்: நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஐபுப்ரோஃபெனில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் இரைப்பையின் உள்சுவரைப் பாதுகாக்கும் பொருள்களைக் குறைப்பவை. இரண்டும் சேரும்போது புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது, வயது ஏற ஏற இன்னும் கூடுகிறது. ஐபுப்ரோஃபென் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். சில ரத்த அழுத்த மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும், சிறுநீரகத்துக்கும் சுமை. போதாததற்கு, ஆஸ்பிரினுக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது மறித்துக்கொள்ளும். அதாவது ரத்தக்கசிவின் அபாயம் முழுதாக இருக்கும், ஆஸ்பிரினின் பலன் மட்டும் குறையும். உங்கள் 146இல் இந்த வலி மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். இதைச் சாப்பிடுவதை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? கடையில் நாமே வாங்கிச் சாப்பிடும் மாத்திரையை மருந்துக் கணக்கில் சேர்க்காத பழக்கம் பலருக்கும் உண்டு. மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, காரணமில்லாமல் தலைசுற்றி மயக்கம் வந்தாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, ஆஸ்பிரினுக்கு வருவோம். உங்கள் பழைய மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் எழுதியதற்கு அன்று நல்ல ஆதாரம் இருந்தது. 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்ற ஆய்வில், மாரடைப்பு என்ற சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வந்த 17,187 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிலருக்கு ஆஸ்பிரினும் சிலருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்தே வாரத்தில் இதய, ரத்தக்குழாய்ச் சாவுகள் 11.8 சதவீதத்திலிருந்து 9.4 சதவீதமாகக் குறைந்தன. விலை குறைந்த ஒரு சிறிய மாத்திரை இதைச் செய்தது பெரிய விஷயம். அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்த ஆய்வின் இறுதி அறிக்கை வந்தது. இவர்கள் மாரடைப்பு வராதவர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு 44 சதவீதம் குறைவாக இருந்தது. இதய நோயால் இறப்பது குறையவில்லை, வயிற்றுப்புண் கூடியது. ஆனால் எல்லோர் மனதிலும் தங்கியது அந்த 44தான்.

பிறகு என்ன மாறியது? ஆஸ்பிரின் மாறவில்லை, மனிதர்களின் நிலைமை மாறியது. புகைப்பது குறைந்தது, ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்துகள் வந்தன, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்கள் பரவலாயின. மாரடைப்பு வரும் வாய்ப்பே குறைந்துவிட்ட ஒருவருக்கு ஆஸ்பிரின் தடுப்பதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ரத்தக்கசிவின் அபாயமோ அப்படியே இருக்கிறது. இந்த நிலையில் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டார்கள். 2018இல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெரிய ஆய்வுகள் வெளியாயின.

அவற்றில் உங்களுக்கு மிக நெருங்கியது அரைவ் ஆய்வு. 55 வயதைத் தாண்டிய ஆண்கள், 60 தாண்டிய பெண்கள், மொத்தம் 12,546 பேர். இதய அபாயம் ஓரளவு உண்டு, ஆனால் சர்க்கரை நோய் இல்லை. உங்களைப் போன்றவர்கள்தான். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 4.29 சதவீதம் பேருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 4.48 சதவீதம் பேருக்கும் வந்தன. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. இரைப்பை, குடல் ரத்தக்கசிவு 0.46 சதவீதத்திலிருந்து 0.97 ஆனது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். செய்தியில் இதை ‘ரத்தக்கசிவு இரு மடங்கு’ என்று போடுவார்கள். அதுவும் உண்மைதான். ஆயிரம் பேரில் கூடுதலாக ஐந்து பேருக்கு என்பதும் அதே உண்மைதான். ஒரு மருந்தைப் பற்றி எப்போது படித்தாலும், எத்தனை மடங்கு என்பதோடு நின்றுவிடாமல், ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். முன்பு சொன்ன 44 சதவீதமும் மடங்குக் கணக்குதான் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அசென்ட். அதில் 9.6 சதவீதம் பேருக்கு வந்த இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 8.5 ஆகக் குறைந்தன. ஆனால் பெரிய ரத்தக்கசிவு 3.2இலிருந்து 4.1 ஆகிவிட்டது. வந்த லாபத்தில் பெரும்பகுதி இன்னொரு பக்கம் போய்விட்டது. மூன்றாவது ஆஸ்ப்ரீ. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 முதியவர்களைக் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். இதயப் பாதிப்புகள் சொல்லும்படி குறையவில்லை. மூளைத்திறன் குறையாமலும் உடல் முடங்காமலும் வாழும் காலம் நீளவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8 ஆனது.

இந்த ஆய்வுகளுக்குப் பிறகு 2022இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்புக்கான நிபுணர் குழு, மாரடைப்பு வராத, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் அதைத் தடுப்பதற்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுகிறவர், புதிதாகத் தொடங்குகிறவர் இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் உங்கள் வயதும், உயர் ரத்த அழுத்தமும், கூடவே வரும் வலி மாத்திரையும் ரத்தக்கசிவின் பக்கம்தான் எடையைக் கூட்டுகின்றன. நிறுத்தச் சொன்ன உங்கள் மருத்துவர் சரியாகவே சொல்கிறார் என்பது என் கருத்து.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்தவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன மூன்று ஆய்வுகளும் உங்களைப் பற்றியவை அல்ல. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை விட்டால், அதற்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அது உயிரைப் பறிக்கும்.

இனி முட்டி. உங்கள் ஸ்கேன் சொல்வது பொய் இல்லை. ஆனால் ஸ்கேனில் தெரிகிற கிழிசல்தான் உங்கள் வலிக்குக் காரணமா என்பது வேறு கேள்வி. 2008இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 50 வயதைத் தாண்டிய 991 பேருக்கு, வலி இருக்கிறதா என்று பார்க்காமலே முட்டியை எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ பிடிப்போ எதுவும் இல்லை. முட்டிக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் என்ற இந்த ஜவ்வு, வயதாக ஆக நைந்து கிழிவது சாதாரணம். பலர் அதை அறியாமலே நடமாடுகிறார்கள்.

அப்படியானால் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தால் வலி போகுமா? ஃபின்லாந்தின் எலும்பு மருத்துவர்கள் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. ஐந்து மருத்துவமனைகளில், மூட்டுத் தேய்மானம் இல்லாமல் ஜவ்வு மட்டும் நைந்து கிழிந்த 146 பேர். எல்லோருக்கும் ஆபரேஷன் தியேட்டரில் துளை போட்டுக் கேமரா வைத்து மூட்டைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஜவ்வின் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்கு வெட்டுவதுபோல் எல்லாம் செய்தார்கள், வெட்டவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதித்தவர்களுக்கும் தெரியாது. 2013இல் முடிவு வெளியானது. ஓராண்டு கழித்து இரண்டு குழுவினருக்கும் வலி ஒரே அளவில் குறைந்திருந்தது. தாங்கள் தினமும் செய்யும் ஆபரேஷன் உண்மையிலேயே பயன் தருகிறதா என்று அறுவை மருத்துவர்களே கேட்பதற்குத் தைரியம் வேண்டும்.

அதே 2013இல், அமெரிக்காவில் தேய்மானமும் கிழிசலும் சேர்ந்திருந்த 351 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவும் வெளியானது. ஆறு மாத முடிவில், ஆபரேஷன் செய்துகொண்ட குழுவும் பிசியோதெரபி குழுவும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. ஆனால் பிசியோதெரபி குழுவில் 30 சதவீதம் பேர் இடையிலேயே ஆபரேஷனுக்கு மாறிக்கொண்டார்கள். ஆகவே பயிற்சி எல்லோருக்கும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் பயிற்சி, பலன் இல்லையென்றால் மறுபடி யோசிப்பது என்ற வரிசைதான் நியாயமானது. தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொண்டு மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். உடல் எடை கூடுதலாக இருந்தால் சில கிலோ குறைந்தாலே முட்டிக்குத் தெரியும். முட்டி ஒரே இடத்தில் பூட்டியதுபோல் நின்று நீட்ட முடியாமல் போனாலோ, விழுந்து அடிபட்டு உடனே வீங்கினாலோ கதை வேறு. அப்போது எலும்பு மருத்துவரைச் சீக்கிரம் பார்க்க வேண்டும். உங்கள் அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்தது இந்த ஆய்வுகளுக்கு முன்னால். அன்று தெரிந்ததை வைத்து அன்று முடிவெடுத்தார்கள்.

வலிக்கு முதலில் முட்டியின் மேல் தடவும் டிக்ளோஃபெனாக் ஜெல்லைக் கேட்டுப் பாருங்கள். ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு என்பதால், உங்கள் நிலையில் மாத்திரையைவிட அது பாதுகாப்பானது.

யாரை நம்புவது என்கிறீர்கள். உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் மாற்றங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 2020இல் கோவிட் உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டனின் வார்டுகளில் வேலை பார்த்த மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ரிகவரி ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் தெரியவில்லை. அதே ஆய்வுதான் ஹைட்ராக்சிகுளோரோகுயினால் பயனில்லை என்றும் காட்டியது. 2024இல் வெளியான பேலன்ஸ் ஆய்வு, 7 நாடுகளின் 74 மருத்துவமனைகளில், ரத்தத்தில் பாக்டீரியா கலந்த 3,608 பேரைப் பார்த்தது. ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் பதினான்கு நாள் கொடுத்தாலும் பிழைப்பவர்களின் விகிதத்தில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. எல்லா வகைக் கிருமிகளுக்கும் எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது என்பதையும் அவர்களே தெளிவாக வரையறுத்திருக்கிறார்கள். இவையெல்லாம், சோதிக்காமலே பழகிப்போனவற்றைச் சோதித்துத் திருத்தியவை.

இன்னும் தீராத வாதங்களும் உண்டு. மாரடைப்புக்குப் பிறகு இதயம் நன்றாக இயங்குகிறவர்களுக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை தேவையா என்பதில் 2024, 2025இல் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு தலைப்புச் செய்தியைப் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் படபடப்பும் திரும்பலாம். முன்பு ஒன்று சொன்னார், இப்போது வேறு சொல்கிறார் என்பதற்காக ஒரு மருத்துவரை நான் சந்தேகிக்க மாட்டேன். ஏன் மாற்றினீர்கள், எந்த மாதிரி ஆட்களிடம் சோதித்தார்கள், அவர்கள் என்னைப் போன்றவர்களா என்று கேட்டால் பதில் சொல்கிறாரா என்பதைத்தான் பார்ப்பேன்.

ஆஸ்பிரினை விட்டால் இதயத்துக்குப் பாதுகாப்பு போய்விடுமே என்ற பயம் உங்களுக்கு வரும். உங்கள் விஷயத்தில் பாதுகாப்பு அந்த 146ஐ இறக்குவதில்தான் இருக்கிறது. 2015இல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத 9,361 பேரில், மேல் அளவை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே இறக்கியவர்களுக்கு இதயப் பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன, ஆண்டுக்கு 2.19 சதவீதம் என்பது 1.65 ஆனது. தாழ் அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு போன்ற தொல்லைகள் அந்தக் குழுவில் கூடின என்பதால், எவ்வளவு இறக்கலாம் என்பதை உங்கள் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். 146 என்பது எப்படிப் பார்த்தாலும் அதிகம். ஐபுப்ரோஃபெனை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு அளந்து எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு, ரத்தக் கொழுப்பு, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளையும், நீங்களாக வாங்கிச் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எடுத்துக்கொண்டு அவரைப் போய்ப் பாருங்கள். ஸ்டாட்டின் எனக்குத் தேவைப்படுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.