கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வீட்டு முன்புறப் புல்தரையை எடுத்துவிட்டு, குறைந்த தண்ணீரில் வளரும் செடிகள் வைக்கலாமா? சரளைக்கல் பரப்பினால் போதாதா?

தாராளமாக எடுக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை இங்கே மழை அநேகமாக எட்டிப் பார்ப்பதில்லை. புல்லுக்குத் தாகம் எடுப்பதும் அதே மாதங்களில்தான். யாரும் உட்காராத, பிள்ளைகள் விளையாடாத ஒரு தரைக்குக் குடிநீரை இறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாங்களும் எடுத்துவிட்டோம்.

சரளைக்கல் யோசனையை மட்டும் கைவிடுங்கள். 2015 வறட்சியில், நகரங்கள் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் உத்தரவிட்ட சமயத்தில், தெற்குக் கலிஃபோர்னியாவில் புல்லை எடுப்பதற்குக் கிடைத்த மானியப் பணத்தைக் கொண்டு பல வீட்டு முற்றங்களில் கல்லைக் கொட்டினார்கள். கல் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் சுவரைச் சுடவைக்கும். இடுக்குகளில் களை முளைப்பதும் நிற்காது. செயற்கைப் புல் அதைவிட மோசம். ஜூலை மதியத்தில் வெறுங்காலுடன் மிதித்துப் பாருங்கள்.

மானியம் வேண்டுமானால் முதலில் விண்ணப்பம். ஒப்புதல் வந்த பிறகே புல்லில் கை வைக்க வேண்டும். முந்திக்கொண்டு பிடுங்கிவிட்டால் பணம் கிடைக்காது. தொகை அவ்வப்போது மாறும் என்பதால் நம் பகுதியின் நீர் வாரியமான வேலி வாட்டரின் (Valley Water) இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்களிடம் இருப்பது என்ன புல் என்று பாருங்கள். வேலையின் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது. ஃபெஸ்கியூ என்றால் பிரச்சினை இல்லை: ஒட்ட வெட்டி, தண்ணீர் தெளித்து, டேப் நீக்கிய அட்டைப்பெட்டிகளை இடைவெளி விடாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, மேலே மட்கு உரமும் 3, 4 அங்குலத்துக்கு மரச்சில்லு மூடாக்கும் போட்டால் புல் அடியிலேயே மடிந்துவிடும். மரம் வெட்டும் நிறுவனங்கள் பல நேரம் சில்லுகளை இலவசமாகவே கொட்டிவிட்டுப் போகும். ஆனால் பெர்முடா புல் என்றால் கதை வேறு. அது பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லேதான். ‘அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்தியவர்கள் சும்மா சொல்லவில்லை. அட்டையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். கோடையில் தரையை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் 6 முதல் 8 வாரம் இறுக்கமாக மூடி, வெயிலிலேயே வேகவைக்க வேண்டும். அதன் பிறகும் ஓரங்களில் தலைகாட்டும். தோண்டி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நடவு அக்டோபர், நவம்பரில். குளிர்கால மழையே வேரைப் பிடிக்கவைத்துவிடும். மான்சனீட்டா, கிளீவ்லாந்து சேஜ், யாரோ (yarrow), கலிஃபோர்னியா ஃபியூஷா ஆகியவை கலிஃபோர்னிய மண்ணின் செடிகள். மற்றவை வாடிப்போகும் கோடைக் கடைசியில் ஃபியூஷா சிவப்பாகப் பூத்து ரீங்காரச் சிட்டுகளை வரவழைக்கும். சியனோதஸ் என்ற புதர்ச்செடியின் நீலப் பூவைப் பார்த்து மயங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நம் பகுதியின் களிமண்ணில், வேரூன்றிய செடிக்குக் கோடையில் அடிக்கடி தண்ணீர் விட்டால் வேர் அழுகிச் செத்துவிடும். முதல் இரண்டு கோடைகளுக்குச் சொட்டுநீர் தேவை. பிறகு படிப்படியாகக் குறையுங்கள்.

கறிவேப்பிலையும் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால், கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து கன்றை எடுத்துச் செல்ல விதிகள் உண்டு. நண்பர் வீட்டிலிருந்து கொண்டுவராமல் உரிமம் பெற்ற நர்சரியில் வாங்குங்கள்.

முற்றத்தில் பெரிய மரம் இருந்தால், அது இத்தனை காலம் புல்லுக்குப் பாய்ந்த தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்திருக்கும். தெளிப்பானை ஒரேயடியாக நிறுத்திவிடாமல், கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் தனியாக ஒரு சொட்டுநீர்க் குழாயைச் சுற்றிவிடுங்கள். மூடாக்கு அடிமரத்தைத் தொடக் கூடாது.

குடியிருப்போர் சங்கம் முகம் சுளித்தால் பயப்படாதீர்கள். புல்லுக்குப் பதிலாகக் குறைந்த நீர்ச் செடிகள் வைப்பதை அவர்கள் தடை செய்ய முடியாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. வடிவமைப்பைக் காட்டி ஒப்புதல் கேட்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.