வாசகர் கேள்வி பதில்: சனம் சொல்ற மாதிரி கண் மாத்தலாமோ?

கேள்வி: அக்கா, என்ர மனுசன் ஓட்டோ ஓடினவர். முதல்ல இரவில தான் கண் தெரியேல்ல, இப்ப பகல்லயும் நேர முன்னுக்கு இருக்கிறது மட்டும் தான் தெரியுது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, மருந்து இல்லையெண்டு கண் ஆஸ்பத்திரியில சொல்லிட்டினம். ஓட்டோவை வித்தாச்சு, ரெண்டு பிள்ளையள் படிக்குதுகள். சனம் எல்லாம் கண் தான சங்கத்துக்குப் போய் கண்ணை மாத்துங்கோ எண்டுதுகள். சங்கம், டிரஸ்ட் எண்டு போய் கை நீட்ட அவருக்கு வெக்கம். எங்க போய் என்ன கேக்கிறது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதல் அந்தக் கண் மாத்துற கதைய முடிப்பம். 1961ல டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கின கண் தான சங்கம் வெளிநாட்டுக்கும் கண் அனுப்பிப் பேரெடுத்தது, அதால கண் வருத்தம் எண்டவுடன எங்கட சனத்துக்கு அது தான் வாயில வரும். ஆனா மாத்தி வைக்கிறது கண்ணுக்கு முன்னால இருக்கிற கோர்னியாவை. அவருக்குப் பழுதானது பின்னால இருக்கிற ரெட்டினா (விழித்திரை), அதுக்கு இது உதவாது. 2017ல அமெரிக்காவில அனுமதிச்ச ஜீன் (மரபணு) மருந்தும் ஆர்.பீ.ஈ.65 எண்ட ஒரு ஜீன் பழுதானவைக்குத் தான். ஊசி போட்டு, எண்ணெய் விட்டு சுகமாக்கிறம் எண்டு லட்சக்கணக்கில கேக்கிறவைக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

வெள்ளவத்தை எண்டபடியால் திம்பிரிகஸ்யாய டீ.எஸ். ஒபிசில (பிரதேச செயலகத்தில) சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கோ, மாற்றுத்திறனாளிகளுக்கான மாசக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். ஜீ.எஸ்.சிட்ட (கிராம சேவகரிட்ட) கடிதம் எடுங்கோ, கிளினிக் ரிப்போர்ட் ஒரிஜினலைக் குடுத்திட்டு வராம போட்டோகொப்பி குடுங்கோ. இதில கை நீட்ட என்ன இருக்கு, அரசாங்கம் குடுக்க வேண்டிய காசு தானே.

டிரஸ்ட், லயன்ஸ், கோயில் எண்டு எழுதினா "உதவி செய்யுங்கோ" எண்டு மொட்டையா எழுதாதேங்கோ, என்வலப்பில 5000 ரூபாவை வைச்சுத் தந்து போட்டோ எடுத்துப்போட்டுப் போயிடுவினம். பிள்ளையின்ர டியூஷன் காசு மாசாமாசம் எவ்வளவு, எத்தினை மாசத்துக்கு எண்டு எழுதுங்கோ. அவருக்கு வெள்ளைப் பிரம்போட நடக்கிற பயிற்சியும், போனில இருக்கிறதை வாசிச்சுச் சொல்லுற டோக்பேக் பாவிக்கப் பழக்கிற ஆளும் வேணும் எண்டு கேளுங்கோ.

அவர் பிரம்பு வேண்டாம் எண்டு தான் நிப்பார். நேர முன்னுக்கு மட்டும் தெரியிறதால இந்த வருத்தக்காரர் போனில மெசேஜ் வாசிப்பினம், அடுத்த நிமிசம் காலடியில கிடக்கிற ஸ்டூலில இடிபட்டு விழுவினம், பாக்கிற சனம் நடிக்கிறான் எண்டும், பகல்லயே குடி எண்டும் கதைக்கும். பிரம்பு கையில இருந்தா அந்தக் கதை குறையும், காலி ரோட்டில பஸ்காரனும் கொஞ்சம் நிப்பாட்டுவான்.

பிள்ளையளையும் கண் கிளினிக்கில காட்டுங்கோ, எல்லாருக்கும் வராது, பரம்பரை வழி குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம். சொந்தத்துக்க கட்டினதோ எண்டு டொக்டர் கேட்டா மறைக்காதேங்கோ.

கேள்வி: எனக்கு சீனி வருத்தம், கற்றராக் ஒப்பரேஷனும் செய்தது. கண் தானம் செய்யலாமோ?
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: பெரும்பாலும் செய்யலாம் ஐயா, கண்ணாடி போடுறவையும் செய்யலாம். ஆனா உயிர் போய் சில மணித்தியாலத்துக்குள்ள எடுக்க வேணும், அதால கண் தான கார்ட்டை அலுமாரிக்குள்ள பூட்டி வைக்காம பிள்ளையளிட்ட இப்பவே சொல்லி வையுங்கோ. கண் எடுக்கிற ஆக்கள் வருமட்டும் ஃபேனை நிப்பாட்டி, கண்ணை மூடி, மேல ஈரப் பஞ்சு வைக்கிறது பிள்ளையளின்ர வேலை.